பார்க்க மட்டும் அனுமதி

மேற்கு வட்டார மருந்து வழங்கு வாரியத்துக்குக் கணினி வந்த முதல் வருடம் முழுக்க லத்தீஃபா தினமும் காலை பதினொரு மணிக்குத் திட்டு வாங்கினாள். திட்டியவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆவடி, மாங்காடு, பூந்தமல்லி மருந்தகங்களுக்குச் சரக்கு ஏற்றிப்போக அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வண்டி ஓட்டிவந்தவர்கள். கவுண்டர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் நிற்பார்கள். இந்தப் பக்கம் லத்தீஃபா ரசீது போட வேண்டும். சரியாகப் பதினொன்று ஐந்துக்கோ பத்துக்கோ திரை அப்படியே நின்றுவிடும். கீபோர்டில் எந்தக் கட்டையை அழுத்தினாலும் அசையாது. பதினொன்றே முக்கால் வாக்கில் எதுவுமே நடக்காததுபோல மறுபடி ஓடத் தொடங்கும்.

கணினி வருவதற்கு முன் கார்பன் தாள் வைத்து இரண்டு நிமிடத்தில் ரசீது எழுதியவள் அவள். எழுத்தும் அழகாக இருக்கும். இதை அவள் யாரிடமும் சொல்லிக்காட்டியதில்லை. "இன்னாம்மா, டிவி பொட்டி தூங்கிட்சா?" என்று ஓட்டுநர்கள் கேட்கும்போது மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொள்வாள்.

கணினி ஏன் நிற்கிறது என்று தெரிந்திருக்க வேண்டியவர் மனோகரன். டேட்டாபேஸைப் பராமரிக்கிறவர். ஆனால் அவருடைய நாற்காலி நகரத்தில் தலைமை அலுவலகத்தில் இருந்தது. கணினி அம்பத்தூரில் இருந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் வருவார். வெள்ளிக்கிழமைகளில் அது ஒருமுறைகூட நின்றதில்லை. அவர் முன்னால் அது அவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டது.

"நின்னா நிக்கறப்பவே பார்க்கணும்" என்றார் மனோகரன். டேட்டாபேஸுக்குள்ளேயே ஒரு பட்டியல் இருப்பதாக விளக்கினார். இந்த நொடியில் எந்த ஆள், எந்த டெர்மினல் திரையில் இருந்து, எதைப் பூட்டி வைத்திருக்கிறார், அதற்காக யார் யார் காத்திருக்கிறார்கள் என்று அது சொல்லும். ஸ்டாக் புத்தகத்தை ஒருவர் தன் மேஜைக்கு எடுத்துப்போய் விரித்து வைத்துக்கொண்டால் மற்றவர்கள் எழுத முடியாதில்லையா, அதுபோல. அந்தப் பட்டியலைப் பார்க்கும் உரிமையை மட்டும் லத்தீஃபாவுக்குக் கொடுத்தால் போதும். அவளால் எதையும் மாற்ற முடியாது, அழிக்க முடியாது. பார்க்கலாம், அவ்வளவுதான்.

"இப்பவே குடுத்துடுங்களேன் சார்" என்றாள் லத்தீஃபா.

கொடுப்பது ஒரே வரி என்றும், அதற்குத் துணைப் பொது மேலாளரின் எழுத்துமூல உத்தரவு வேண்டும் என்றும் மனோகரன் சொன்னார். 1994 பிப்ரவரியில் அரைப் பக்கக் குறிப்பு ஒன்று எழுதி அனுப்பினார். அவர் செய்த தவறு, அந்தக் குறிப்பின் கடைசியில் கூடுதலாக ஒரு வாக்கியம் சேர்த்ததுதான். அவரவர் வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு உரிமை மட்டும் தருவதே பாதுகாப்பு என்று எழுதியிருந்தார்.

அம்பத்தூர் அலுவலகத்தின் துணைப் பொது மேலாளர் ரகுநாதன் அந்த வாக்கியத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டார். கணினிப் பாதுகாப்புக் குழு கூடியது. குழுவில் ஏழு பேர். கணினியைத் தொட்டவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் திறப்பு விழாவில் அதற்குக் குங்குமம் வைத்தவர். விண்ணப்பதாரர் என்ற முறையில் லத்தீஃபா வெளியே பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டு, இரண்டு மணி நேரம் கழித்து உள்ளே அழைக்கப்பட்டாள்.

ரகுநாதன் நிதானமாகப் பேசுகிறவர். பார்ப்பது சாதாரண விஷயம் என்று மனோகரன் நினைப்பதாகவும், இருபத்தாறு வருட நிர்வாக அனுபவம் அப்படி நினைக்க விடவில்லை என்றும் சொன்னார். "இன்னைக்குப் பார்க்கத்தானேன்னு குடுப்போம். பார்த்தா புரிய ஆரம்பிக்கும். புரிஞ்சா கேள்வி கேட்பாங்க. அதுக்கப்புறம் நிர்வாகம்னு ஒண்ணு எதுக்கு?" என்றார். ஆறு பேர் தலையாட்டினார்கள்.

பிறகு லத்தீஃபாவிடம் கேள்விகள் கேட்டார்கள். பட்டியலைப் பார்க்கும்போது அறையில் வேறு யாராவது இருப்பார்களா? பார்த்ததை வீட்டில் சொல்வாளா? பார்த்த பிறகு மறந்துவிட முடியுமா? கடைசிக் கேள்விக்கு அவள் முயற்சி செய்வதாகச் சொன்னாள். அந்தப் பதில் நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது.

தேவைக்கு மேல் உரிமை கூடாது என்ற மனோகரனின் கருத்தும் விவாதிக்கப்பட்டது. அதன்படி பார்த்தால் மருந்து ரசீது போடாத ரகுநாதனுக்கு ரசீதுத் திரையே கிடைக்காது. அவர் முகம் மாறியது. ஒரு கிளார்க்குக்கு இருக்கிற உரிமை தனக்கு இல்லாமல் போனால் கீழே இருப்பவர்கள் எப்படி மதிப்பார்கள் என்று கேட்டார். ஆகவே துணை மேலாளருக்கும் அதற்கு மேற்பட்டவர்கள் அனைவருக்கும், எல்லாவற்றையும் திறக்கவும் திருத்தவும் அழிக்கவும் முழு உரிமை வழங்குவதென்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. கடவுச்சொல் மறந்துபோகக்கூடும் என்பதால் அதை டைப் செய்து ஒவ்வொருவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலும் வைத்தார்கள். இவ்வளவும் பாதுகாப்பைப் பலப்படுத்துதல் என்ற தலைப்பில் பதிவானது. லத்தீஃபாவின் விண்ணப்பம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

ஏப்ரலில் உத்தரவு வந்தது. பார்க்க மட்டும் அனுமதி, வேலை நாட்களில், காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. மனோகரன் வெள்ளிக்கிழமை வந்து, உத்தரவில் உள்ளபடியே பட்டியலின் பெயரை அடித்தார். அந்தப் பெயருக்கு உரிமை தர முடியாது என்று டேட்டாபேஸ் மறுத்தது.

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். உத்தரவில் இருந்தது அந்தப் பட்டியலைக் கூப்பிடும் பெயர். வி என்ற எழுத்து, டாலர் குறி, பிறகு லாக் என்ற சொல். உரிமை தரவேண்டியது அதன் உண்மையான பெயருக்கு. அதில் வி-க்கும் டாலருக்கும் நடுவில் தரையோடு தரையாக ஒரு சின்னக் கோடு உண்டு. வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, ரேஷன் கார்டில் உள்ள பெயர் ஒன்று இல்லையா என்று லத்தீஃபாவுக்குப் புரியும்படி சொன்னார். ஒரு கோடு சேர்த்துத் திருத்த உத்தரவு வேண்டும் என்று குறிப்பு எழுதினார்.

குறிப்பு டைப்பிஸ்ட் தாயம்மாவிடம் போனது. கையெழுத்தில் அந்தக் கோடு வி-க்கு அடியில் போட்டதுபோல இருந்தது. தாயம்மா முப்பது வருடம் தட்டச்சு செய்தவர். வி-க்கு அடியில் கோடு போட்டுத் தந்தார். ஒரு எழுத்துக்கு மட்டும் அடிக்கோடு இருப்பது அலங்கோலமாகத் தெரிகிறது என்று பிரிவு அதிகாரி திருப்பி அனுப்பினார். தாயம்மா பெயர் முழுக்க அடிக்கோடு போட்டார். அது ரகுநாதனிடம் போனபோது, ஒரு கிளார்க்குக்குத் தரும் அனுமதியை இவ்வளவு அழுத்தமாகச் சொல்லத் தேவையில்லை என்று கோட்டை எடுக்கச் சொல்லிவிட்டார். மே கடைசியில் வந்த திருத்த உத்தரவு ஏப்ரல் உத்தரவைப் போலவே இருந்தது. தேதி மட்டும் வேறு.

"சார், நீங்களே அந்தக் கோட்டைப் போட்டுக்கக் கூடாதா?" என்று லத்தீஃபா கேட்டாள். உத்தரவில் இல்லாத கோட்டைப் போட்டால் தன் வேலை போகும் என்றார் மனோகரன். அவர் கோழை இல்லை. ஆவடியில் வீட்டுவசதிக் கடன் இருந்தது.

ஜூன் பதினான்காம் தேதி செவ்வாய்க்கிழமை. பதினொன்று ஏழுக்குத் திரை நின்றது. அடுத்த நிமிடமே சின்னப்பையன் என்பவர் டிவிஎஸ் ஐம்பதைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் புல் அறுக்கப் போன அவர் மனைவி ராஜம்மாவைப் பாம்பு கடித்திருந்தது. பூந்தமல்லி மருந்தகத்தில் படுக்கவைத்திருக்கிறார்கள். அங்கே பாம்புக்கடி மருந்து தீர்ந்துவிட்டது. பத்துக் குப்பி உடனே தரும்படி டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். சீட்டு கசங்கியிருந்தது.

மருந்து அங்கேதான் இருந்தது. கவுண்டரில் இருந்து பத்தடி தள்ளி, கண்ணாடிக் கதவு போட்ட ஃப்ரிட்ஜில், எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி நாற்பது குப்பி. சாவி ஸ்டோர் உதவியாளர் துலுக்கானத்தின் இடுப்பில் இருந்தது. கணினி ரசீது இல்லாமல் ஒரு மாத்திரைகூட வெளியே போகக்கூடாது என்று வாசலில் பலகை இருந்தது.

லத்தீஃபா தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். மனோகரன் இருக்கையில் இல்லை. ரகுநாதன் அறைக்கு ஓடினாள். பூட்டியிருந்தது. திரும்பி வந்தபோது சின்னப்பையன் ஃப்ரிட்ஜையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கத்தவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"குடுத்துடுங்கண்ணே" என்றாள்.

துலுக்கானம் ஏற்கெனவே சாவியை எடுத்திருந்தார். "பொட்டி எப்ப முழிச்சிக்கிதோ அப்ப நீ எய்திக்கம்மா. இந்தாள் போட்டும்" என்றார். பத்துக் குப்பியை ஐஸ் வைத்துத் துணியில் சுற்றிக் கொடுத்து, டாக்டர் சீட்டின் பின்பக்கம் சின்னப்பையனின் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். அப்போது மணி பதினொன்று பன்னிரண்டு. அந்த நேரத்தையும் சீட்டில் எழுதினார்.

திரை பதினொன்று ஐம்பதுக்கு ஓடத் தொடங்கியது. லத்தீஃபா பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு ரசீது போட்டாள். ராஜம்மா பிழைத்துக்கொண்டார். வியாழக்கிழமை சின்னப்பையன் ஒரு சீப்பு பூவம்பழம் கொண்டுவந்து கவுண்டரில் வைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை துலுக்கானத்துக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. பத்துக் குப்பி மருந்து ரசீதுப்படி வெளியேறிய நேரம் 11.52, உண்மையில் வெளியேறிய நேரம் 11.12 என்றும், இதன் மூலம் நாற்பது நிமிடங்களுக்கு வாரியத்தின் கணினியைப் பொய் சொல்ல வைத்ததாகவும் அதில் இருந்தது. பத்தொன்பது வருட சர்வீஸில் அவருக்கு வந்த முதல் குறிப்பாணை. அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் வழக்கம்போல வேலை செய்தார். மூன்றாம் நாள் லத்தீஃபாவிடம் நீட்டினார். "ஊட்ல சொல்லல. ரிட்டேராக மூணு வர்சம் கீது" என்றார்.

லத்தீஃபா நேராக ரகுநாதனிடம் போனாள். கொடுக்கச் சொன்னது தான்தான் என்றாள். சொன்னது வாய்வார்த்தை என்பதால் அது ஆவணம் ஆகாது என்றார் அவர். கணினி நின்றுபோயிருந்தது என்று சொன்னாள். நின்றதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார். அவள் ராஜம்மாவைப் பற்றிச் சொன்னாள்.

ரகுநாதன் உண்மையாகவே வருத்தப்பட்டார். "அந்தம்மா பொழைச்சதுல எனக்கும் சந்தோஷம்தான். ஆனா ரசீது போடறதுக்கு முன்னாடியே பொழைச்சுட்டாங்களே. ஆடிட்ல கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார்.

விசாரணை அதிகாரியாகத் தலைமை அலுவலகத்திலிருந்து சாமுண்டீஸ்வரி என்ற அம்மையார் வந்தார். கண்டிப்பானவர் என்று பெயர். கணினி பற்றி ஒன்றும் தெரியாது, அதை ஒப்புக்கொள்வதில் வெட்கமும் இல்லை. வாரியத்தில் அது அபூர்வம். குறிப்பாணையை இரண்டு முறை படித்துவிட்டு, கணினி நின்றதா இல்லையா என்பது ஒன்றுதான் கேள்வி என்றார். மனோகரனை அம்பத்தூருக்கு வரவழைத்துக் கேட்டார். ஜூன் பதினான்காம் தேதி நின்றதை இனிப் பார்க்க முடியாது, அந்தப் பட்டியல் இந்த நொடியில் நடப்பதை மட்டுமே காட்டும் என்றார் அவர். தினமும்தான் நிற்கிறது, இன்றைக்கும் நிற்கும் என்றாள் லத்தீஃபா.

"அப்ப இன்னைக்கே பார்த்துடலாம்" என்றார் சாமுண்டீஸ்வரி. உத்தரவில் ஒரு கோடு குறைகிறது என்று மனோகரன் ஆரம்பித்து நான்கு மாதக் கதையையும் சொன்னார். சாமுண்டீஸ்வரி அவருடைய பேனாவை வாங்கி, உத்தரவின் நகலில் வி-க்கும் டாலருக்கும் நடுவில் கோடு போட்டு, பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டார். மனோகரன் ஒரு வரி அடித்தார். உரிமை வழங்கப்பட்டது என்று டேட்டாபேஸ் சொன்னது. லத்தீஃபா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

அது புதன்கிழமை. ரகுநாதனும் உடன் இருப்பதாகத்தான் இருந்தது. ஆனால் வேறொரு வாரியத்திலிருந்து பார்வையாளர்கள் வந்திருந்தார்கள்; அவர்களுக்குக் கணினியைக் காட்ட வேண்டும் என்று தன் அறைக்குப் போயிருந்தார். பதினொன்று எட்டுக்குக் கவுண்டர் திரைகள் எல்லாம் நின்றன. வெளியே ஓட்டுநர்கள் முணுமுணுத்தார்கள். லத்தீஃபா பூட்டுப் பட்டியலைக் கேட்டாள்.

வந்துவிட்டது. காத்திருப்பவர்கள் பதினான்கு பேர். பூட்டி வைத்திருப்பவர் ஒருவர். அவருடைய பெயரும் டெர்மினல் எண்ணும் தெளிவாக இருந்தன. மனோகரன் பெயரைப் படித்துவிட்டு ஒதுங்கி நின்றார். சாமுண்டீஸ்வரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். "ரகுநாதன், துணைப் பொது மேலாளர்."

எல்லோரும் அவர் அறைக்குப் போனார்கள். கதவு சாத்தியிருந்தது; தள்ளித் திறந்தார்கள். பார்வையாளர்களை அழைத்துக்கொண்டு காபி சாப்பிடக் கேன்டீனுக்குப் போயிருந்தார். திரையில் ஸ்டாக் பட்டியல் திருத்தும் நிலையில் திறந்திருந்தது. பாராசிட்டமால் மாத்திரையின் கையிருப்பில் ஒன்று என்ற எண் புதிதாகச் சேர்ந்திருந்தது. விருந்தினர்களுக்குக் கணினி எப்படி வேலை செய்கிறது என்று காட்ட அவர் தினமும் ஒரு எண்ணை அடித்துக்காட்டுவார். சேமிக்கவும் மாட்டார், வெளியேறவும் மாட்டார். காபி முடிந்து வந்து பார்த்து அழித்துவிடுவார். அதுவரை அந்த ஸ்டாக் பட்டியல் முழுவதும், விரித்து வைத்த புத்தகம்போல, அவர் மேஜையில் இருக்கும். விருந்தினர் வராத நாட்களில் பிரிவு அதிகாரிகளுக்குக் காட்டுவார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அவருக்குத் தலைமை அலுவலகத்தில் கூட்டம்.

லத்தீஃபாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ராஜம்மாவின் நாற்பது நிமிடம் இந்த மேஜையில்தான் இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

சாமுண்டீஸ்வரி பார்த்ததைப் பார்த்தபடி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதம் அவர் பதவி உயர்வில் திருநெல்வேலிக்கு அனுப்பப்பட்டார்.

பாதுகாப்புக் குழு அவசரமாகக் கூடியது. ரகுநாதன் இந்த முறை நின்றுகொண்டு பேசினார். தான் அன்றே எச்சரித்ததாகவும், நடந்துவிட்டதாகவும் சொன்னார். "ஒரு உயர் அதிகாரி என்ன பண்றார், எந்த அறையில இருக்கார்னு கீழ்மட்ட ஊழியர் உட்கார்ந்த இடத்துலேர்ந்தே பார்க்கிறாங்க. இதுக்குப் பேர் என்ன? என் பேர் அதுல வந்தது முக்கியமில்லை. யார் பேரும் வரலாம். உங்க பேர் வரலாம்" என்றார். மற்ற ஆறு பேருக்கும் வியர்த்தது. அனுமதி ரத்தானது.

அதோடு விடவில்லை. மனோகரன் தன் முதல் குறிப்பில் சொன்ன பாதுகாப்பை வாரியம் இப்போது முழு மனதோடு ஏற்றுக்கொண்டது. மூலப் பட்டியலைத் தராமல், தேவையானதை மட்டும் காட்டும் சின்னப் பட்டியல் ஒன்றைச் செய்து, அதைப் பார்க்க உரிமை தரலாம் என்று தீர்மானம். எது தேவை என்பதைக் குழு முடிவு செய்தது. துணை மேலாளருக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் உரிய வரிகள் அதில் இருக்கக்கூடாது. மனோகரன் தலைகுனிந்து எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் பதினொன்று ஐந்துக்கு லத்தீஃபா அதைத் திறந்தாள். காத்திருப்பவர்கள் பதினான்கு பேர். பூட்டியவர் யாரும் இல்லை.

இப்படி வருவது ஊழியர்களிடையே வீண் சந்தேகத்தைக் கிளப்புவதாக ரகுநாதனுக்குத் தகவல் போனது. காத்திருப்பவர்களையும் எடுத்துவிட உத்தரவிட்டார். அதன் பிறகு அந்தப் பட்டியல் எப்போது திறந்தாலும் காலியாக இருந்தது. பாதுகாப்புப் பட்டியல் அமலுக்கு வந்தபின் பூட்டுகள் அறவே ஒழிந்ததாக ஆண்டறிக்கையில் ஒரு பத்தி சேர்ந்தது.

துலுக்கானத்தின் மேல் குற்றம் ஓரளவு நிரூபணமானதாகத் தீர்ப்பு வந்தது. மருந்துச் சாவியை ஒப்படைக்க வேண்டும். துணைப் பொது மேலாளரின் நேரடிக் கண்காணிப்பில், அவர் அறை உதவியாளராகப் பணிபுரிய வேண்டும். மேஜை துடைப்பது, ஃபைல் எடுப்பது, கணினியில் தூசி படியாமல் பார்த்துக்கொள்வது.

சாவியைக் கொடுத்துவிட்டு வந்து கவுண்டர் அருகே கொஞ்ச நேரம் நின்றார். லத்தீஃபாவுக்கு அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. திடீரென்று அவள் நிமிர்ந்து, "அண்ணே, அந்தக் கம்ப்யூட்டரை நீங்கதானே துடைக்கணும்?" என்று கேட்டாள். ஆமாம் என்றார். அவள் ஒரு சீட்டில் இரண்டு கட்டைகளை வரைந்து கொடுத்தாள். முதலில் மேல் வரிசையில் கடைசிக் கட்டை. சேமிக்கவா என்று கேட்கும். அப்போது ஆங்கில 'என்' எழுத்து, வேண்டாம் என்று அர்த்தம்.

"இவ்ளோதானா?" என்றார் துலுக்கானம்.

அன்று முதல், ரகுநாதன் விருந்தினரை அழைத்துக்கொண்டு கேன்டீன் பக்கம் திரும்பியதும் துலுக்கானம் துணியை எடுப்பார். இடமிருந்து வலமாக ஒரு முறை, வலமிருந்து இடமாக ஒரு முறை, நடுவில் அந்த இரண்டு கட்டைகள். கவுண்டரில் பதினொன்று பத்துக்கு ரசீதுகள் வந்தன. பதினொன்றே கால் மணிக்கு ஆவடி வண்டி கிளம்பியது. ஓட்டுநர்கள் லத்தீஃபாவிடம் வீட்டு நலம் விசாரிக்கத் தொடங்கினார்கள். ஆண்டு இறுதியில் சிறந்த கணினி நிர்வாகத்துக்காக ரகுநாதனுக்குக் கேடயம் கிடைத்தது. பார்க்கவே அவசியமில்லாத ஒரு அமைப்பை உருவாக்கியதுதான் தன் சாதனை என்று அவர் ஏற்புரையில் சொன்னார்.

ஜனவரியில் மகள் கல்யாணத்துக்காகத் துலுக்கானம் நான்கு நாள் விடுப்பு எடுத்தார். நான்கு நாளும் கணினி நின்றது. திரும்பி வந்தவருக்கு இரண்டாவது குறிப்பாணை காத்திருந்தது. அவர் விடுப்பில் போகும்போதெல்லாம் கணினி இயங்க மறுப்பதற்கு எழுத்துமூலம் விளக்கம் தரவேண்டும்.

இந்த முறை அவர் பயப்படவில்லை. லத்தீஃபாவிடம் வந்து, என்ன எழுதுவது என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவள் யோசித்து, உள்ளதையே எழுதினாள். மேற்படி நாட்களில் கணினியைத் துடைக்க மாற்று ஆள் நியமிக்கப்படவில்லை.

ரகுநாதன் விளக்கத்தைக் கவனமாகப் படித்தார். தூசி கணினிக்கு ஆகாது என்று அவரே பல கூட்டங்களில் பேசியிருக்கிறார். ஒப்புதல் அளித்து, கணினித் துடைப்பு மாற்று உதவியாளர் என்று ஒரு பணியிடம் உருவாக்கத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். அந்த வாரியத்தின் சரித்திரத்தில் எந்தக் குழுவும் கூடாமல் ஒன்பது நாளில் ஒப்புதல் வந்த ஒரே கோப்பு அதுதான்.

வானகரத்திலிருந்து வந்துபோகும் வேம்புலியம்மாள் என்பவரை அந்த வேலைக்குப் போட்டார்கள். லத்தீஃபா சாப்பாட்டு நேரத்தில் அவரை உட்காரவைத்து இரண்டு கட்டைகளையும் காட்டிக் கொடுத்தாள். நான்கு நிமிடம் ஆனது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.